கூலி எங்கே கரைந்தது: ஸ்வெட்ஷாப் உழைப்புமுறை ஓர் எளிய விளக்கம்

1888ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வேரூன்றியிருந்த ‘ஸ்வெட்டிங்’ (வியர்வை பிழிதல்) என்ற வேலைமுறையை விசாரிக்கத் தேர்வுக்குழு ஒன்றை அமைத்தது. டன்ரேவன் பிரபுவின் தலைமையில் தொடங்கிய அந்த விசாரணை, இலண்டன் தையல்காரர்களிலிருந்து மற்ற ஊர்களுக்கும், காலணி, மரச்சாமான், ஆணி, சங்கிலி முதலிய பிற தொழில்களுக்கும் விரிந்து, 1890இல் இறுதி அறிக்கையாக வெளிவந்தது. சாட்சி சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாக அந்த முறையை விளக்கியதால், குழுவினரால் அதற்குத் துல்லியமான இலக்கணம் வகுக்க முடியவில்லை. எனவே அதன் கேடுகளைக் கொண்டே அதை அடையாளம் காட்டினார்கள்: தொழிலாளியின் தேவைக்குப் போதாத, செய்த வேலைக்கும் ஈடாகாத கூலி, அளவுமீறிய வேலைநேரம், வேலை நடக்கும் வீடுகளின் சுகாதாரக் கேடு.

இன்று ஸ்வெட்ஷாப் என்று நாம் சொல்வது இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த வேலையிடத்தைத்தான். ஆனால் மூன்றுமே விளைவுகள். காற்றில்லாத அறையும் ஈரமில்லாத முதலாளியும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தொழில்யுகத்தில் புதிதாக வந்து சேர்ந்தது, மேலே ஒருவர் தருகின்ற பணம் கைமாறக் கைமாறத் தேய்ந்து, உண்மையில் வேலை செய்கிறவரிடம் வந்து சேரும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும்படி அமைந்த ஏற்பாடு. அறையையும் முதலாளியையும் மட்டும் பார்த்துக் கோபப்படுபவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகையால் அதையே முதலில் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வசதியுள்ள ஒருவர் கோட்டு தைக்க விரும்பினால், தையற்கடைக்குப் போய் அளவு கொடுப்பார். கடைக்காரரின் சொந்தப் பட்டறையில், தொழில் பழகிய தையல்காரர் ஒருவர் அதை முழுமையாகத் தைத்து முடிப்பார். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆயத்த ஆடை வியாபாரம் பெருகியது. ஆயத்த ஆடைக்கு முன்கூட்டியே அளவு கொடுக்கும் வாடிக்கையாளர் இல்லை. மொத்த வியாபாரி துணியை வாங்கித் தன் கிடங்கிலேயே வெட்டுவித்து, வெட்டிய துண்டுகளைக் கட்டுகளாகக் கட்டி வெளியே கொடுத்துத் தைத்து வாங்கினார். 1850களின் பிற்பகுதியில் லீட்ஸ் நகரில் ஜான் பாரன் என்ற ஆடை உற்பத்தியாளர் பட்டைக் கத்தியைக் கொண்டு பல அடுக்குத் துணியை ஒரே நேரத்தில் வெட்டும் முறையைப் புகுத்தியபின், வெட்டும் வேலை மிக விரைவாக நடந்தது. வெட்டும் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தைக்கும் கைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன.

அந்தக் கட்டை வாங்கிச் செல்பவர் கான்ட்ராக்டர். அவரைப் போலவே பலர் கிடங்கு வாசலில் நிற்பதால், யார் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே கட்டுக் கிடைக்கும். அவர் அதில் ஒரு பகுதியைத் தன் அறையில் தைப்பித்து, மற்றதை இன்னொருவருக்கு இன்னும் குறைந்த விலைக்குக் கொடுப்பார். அவரிடமிருந்து காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் எம்மிங் அடிப்பதும் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணுக்குப் போகும். கோட்டு ஒன்றுதான்; வியாபாரி தந்த தொகையும் ஒன்றுதான். அந்தத் தொகை 100 காசு என்று வைத்துக்கொண்டால், முதல் கான்ட்ராக்டர் 25 எடுத்துக்கொண்டு 75க்குக் கைமாற்றுகிறார், அடுத்தவர் 20 எடுத்துக்கொண்டு 55க்குக் கொடுக்கிறார். அறை வாடகையும் விளக்கும் நூலும் அதிலிருந்தே போகின்றன. மீதி என்னவோ அதுவே கூலி.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். பொதுவாக மூலப்பொருள், கூலி, வாடகை, இலாபம் எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒரு பொருளுக்கு விலை வைப்பார்கள் என்று நினைக்கிறோம். இந்த முறையில் கணக்குத் தலைகீழாக நடந்தது. விலை மேலேயே முடிவாகிவிட்டது. கழிக்க வேண்டியவர்கள் எல்லாம் கழித்தபின் எஞ்சியதே தொழிலாளியின் பங்கு. போட்டி கூடி மேலே ஒரு காசு குறைந்தால், நடுவிலிருப்பவர்கள் அதை அப்படியே கீழே தள்ளிவிடலாம். அந்தப் பெண்ணுக்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லை.

இப்படிப்பட்ட கான்ட்ராக்டர் ஆவதற்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை என்பதே இந்த முறை காட்டுத்தீயாய்ப் பரவக் காரணம். நூற்பாலை தொடங்க நீராவி எந்திரமும் கட்டடமும் வேண்டும். தையல் அறை தொடங்க ஒரு வாடகை அறை, இரண்டு தையல் எந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி போதும். 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் எந்திரம் சில ஆண்டுகளிலேயே தவணைக்கும் கிடைத்தது. காலால் மிதித்தால் ஓடும். ஆட்களுக்கோ பஞ்சமே இல்லை. துறைமுகத்தில் நாள்கூலிக்குக் காத்திருந்து வேலை கிடைக்காமல் திரும்பும் ஆண்களின் மனைவியர், விதவைகள், பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு வந்தவர்கள், 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள் என்று கிழக்கு இலண்டன் நிரம்பி வழிந்தது. கான்ட்ராக்டரும் பெரும்பாலும் இவர்களில் ஒருவரே. அதே மேசையில் உட்கார்ந்து அதே நேரம் தைத்தவர், ஒரு சீசன் தவறினால் மறுபடி கூலியாளாகிவிடக்கூடியவர். அக்காலப் பத்திரிகைச் சித்திரங்கள் அவரைக் கொழுத்த அரக்கனாகவும், பல வேளைகளில் யூதர்மீதான வெறுப்பைத் தூண்டும் விதமாகவும் வரைந்தன. பிரபுக்கள் சபைக் குழு அந்த எளிய விளக்கத்தை ஏற்கவில்லை. நடுவிலிருக்கும் இந்த ஆள் கேட்டின் விளைவே தவிர அதன் மூலகாரணம் அல்லர் என்றே அது கருதியது. சார்லஸ் பூத் நடத்திய இலண்டன் வறுமை ஆய்வுக்காகத் தன்னை மறைத்துக்கொண்டு காற்சட்டை தைக்கும் பெண்ணாகக் கிழக்கு இலண்டனில் வேலை செய்த பியாட்ரிஸ் பாட்டரும், பின்னாளில் பியாட்ரிஸ் வெப் என்று அறியப்பட்டவர், ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தார். மலிவாக வாங்கும் நுகர்வோரும், விலையை நெருக்கும் வியாபாரியும், அநியாய வாடகை கேட்கும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் இந்த உழைப்பைப் பிழிகிறார்கள் என்பது அவர் கண்டது.

இந்த முறையை ஓட வைத்தது பீஸ் ரேட், அதாவது செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கணக்கு. கங்காணி தேவையில்லை, பசியே கங்காணி வேலையைச் செய்துவிடும். ரேட் குறைந்தால் தொழிலாளி வேலையைக் குறைத்துக்கொள்ள முடியாது, வாடகை குறையாது அல்லவா. ஆகவே இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்வார், பிள்ளைகளையும் உட்கார வைப்பார். எல்லோரும் அப்படிச் செய்யும்போது சந்தைக்கு வரும் உருப்படிகள் கூடுகின்றன, ஆளுக்கான தேவை குறைகிறது, ரேட் மறுபடியும் இறங்குகிறது. இந்தச் சுழலிலிருந்து ஒரு தனி மனிதர் தன் உழைப்பால் மேலேறிவிட வழியே இல்லை. அவர் எவ்வளவு கடுமையாக உழைக்கிறாரோ அவ்வளவுக்குத் தம்மைப் போன்றவர்களின் கூலியையும் சேர்த்தே கீழே இறக்குகிறார். சோம்பேறிகளே வறுமையில் இருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சீசன் இல்லாத மாதங்களில் வேலையே வராது. தொழிற்சாலை முதலாளிக்கு எந்திரம் சும்மா நின்றால் நட்டம், இங்கே கிடங்குக்காரருக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த வெறும் மாதங்களின் சுமையும் வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையில்தான் விழுந்தது.

தீப்பெட்டி செய்வதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1880, 1890களில் கிழக்கு இலண்டனின் ஏழைத் தெருக்களில் தீப்பெட்டி ஒட்டுவது வீட்டு வேலைகளிலேயே மிகக் கீழானதாகக் கருதப்பட்டது. மெல்லிய மரச்சீவலும் வண்ணத்தாளும் மருந்துத்தாளும் நிறுவனத்திலிருந்து வரும். தாய் சீவலை அதன் கீறல்களில் மடித்து, பசை தடவிய தாளைச் சுற்றி ஒட்டி, மேல்பெட்டியைத் தரையில் எறிவாள். அடிப்பெட்டியையும் அப்படியே செய்வாள். எல்லாம் காய வேண்டும். குடும்பத்துக்கு இருப்பதோ ஓர் அறை. ஆகவே தரை முழுவதும், சில வேளை கட்டில்மேலும் ஈரப் பெட்டிகள் பரந்து கிடக்கும். அவை காய்ந்து, அடிப்பெட்டியை மேல்பெட்டிக்குள் நுழைத்துக் கட்டாகக் கட்டும் வரையில் பிள்ளைகளுக்குக் கால்நீட்ட இடமிருக்காது. ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டேகால் பென்ஸ் கூலி. அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். எனவே ஒரு ஷில்லிங்கைத் தொட வேண்டுமானால் 750க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஒட்ட வேண்டும். பசைக்கான மாவும் கட்டும் நூலும் காயவைக்கும் அடுப்புக்கரியும் அவள் செலவு. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அடுத்த சீவலுக்குக் காத்திருந்து திரும்பும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது.

தீக்குச்சித் தொழிற்சாலைக்குள் இருந்த பெண்களின் நிலையும் நன்றாக இருந்துவிடவில்லை. வெண்பாஸ்பரஸ் தாடையெலும்பை அழுகச் செய்தது. பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம் என்று கூலியில் பிடித்தம். 1888 ஜூன் மாதத்தில் அன்னி பெசன்ட், பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து காங்கிரஸ் தலைவராகவும் ஆனவர், பிரையண்ட் அண்டு மே நிறுவனத்தின் நிலைமையை அம்பலப்படுத்தி எழுதினார். ஜூலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள்; இரண்டு மூன்று வாரங்களுக்குள் அபராதங்கள் ஒழிந்தன, சங்கமும் பிறந்தது. அதே தொழிலுக்காக வீட்டில் பெட்டி ஒட்டியவளால் இப்படிச் செய்ய முடியாமற்போனதுதான் நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு. தொழிற்சாலைப் பெண்கள் ஒரே வாசலில் நுழைந்தார்கள், ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், எல்லோரும் வெளியேறினால் எந்திரம் நின்றுவிடும். பெட்டி ஒட்டுகிறவளுக்குப் பக்கத்துத் தெருவில் ஒட்டுகிறவள் யாரென்றே தெரியாது. அவள் மறுத்தால் அந்தக் கட்டு அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போய்விடும்.

சட்டமும் அந்த வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. 1833 முதல் அடுத்தடுத்து வந்த பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டங்கள் ஆலைகளில் குழந்தைகளின் வயதையும் வேலைநேரத்தையும் கட்டுப்படுத்தின. ஆனால் குடும்பத்தினரே வேலை செய்யும் வீடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. ஆலைகளில் கட்டுப்பாடு இறுக இறுக, கட்டுப்பாடில்லாத அறைகளுக்கு வேலை நழுவிச் செல்வதும் எளிதாயிற்று. அமெரிக்காவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. நியூயார்க்கின் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில், தூங்கும் அறையிலேயே புகையிலையைக் குவித்து வைத்துச் சுருட்டுச் சுற்றும் வேலையை மாநிலச் சட்டமன்றம் தடைசெய்தது. 1885இல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தொழிலாளி தன் வீட்டிலேயே தொழில் செய்யும் சுதந்திரத்தை அது பறிக்கிறது என்று சொல்லித் தடையைச் செல்லாததாக்கியது. வேறு எங்கும் வேலை கிடைக்காத ஒரு குடும்பம் குழந்தைகளோடு புகையிலைத் தூசிக்குள் உழைப்பதற்குச் சுதந்திரம் என்று பெயரிட்ட அந்தத் தீர்ப்பைப் படிக்கையில் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

1906 மே மாதத்தில் இலண்டன் குயின்ஸ் ஹாலில் டெய்லி நியூஸ் பத்திரிகை ஒரு பொருட்காட்சி நடத்தியது. அங்கே வைக்கப்பட்டவை வெறும் பொருள்கள் மட்டும் அல்ல. தீப்பெட்டி, சட்டை, செயற்கைப் பூ என்று செய்யும் தொழிலாளர்களே மேடைகளில் அமர்ந்து வேலை செய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்ற விவரமும் தரப்பட்டது. சுமார் 30,000 பேர் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் பலர் கண்கலங்கியிருக்கக்கூடும். ஆனால் ஏழையின் மலிவுச் சட்டையைப் போலவே பணக்காரரின் விலையுயர்ந்த ஆடைகளும் இதே கைகளால் தைக்கப்பட்டவைதான் என்பது அங்கே வெட்டவெளிச்சமானபோது, நல்ல கடையில் வாங்கிவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளரால் ஒரு கோட்டு எத்தனை கைமாறி வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதே ஆண்டில் தோன்றிய தேசிய ஸ்வெட்டிங் எதிர்ப்புக் கழகம், கூலி இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டத்தால் ஓர் எல்லை போட வேண்டும் என்று கேட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1896 முதலே கூலி வாரியங்களைக் கொண்டு இதைச் செய்துவந்தது.

அதன் பயனாக 1909இல் தொழில் வாரியங்கள் சட்டம் வந்தது. ஆயத்தத் தையல், அட்டைப்பெட்டி, எந்திர லேஸின் இறுதி வேலை, சங்கிலி ஆகிய நான்கு தொழில்களில் முதலாளிகள், தொழிலாளர்கள், வெளியார் ஆகிய மூன்று தரப்பினரும் அமர்ந்து குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்வார்கள். வீட்டில் செய்யும் வேலைக்கும் அது பொருந்தும். மசோதாவை முன்வைத்த வணிக வாரியத் தலைவர், அதாவது வணிகத் துறை அமைச்சர், வின்ஸ்டன் சர்ச்சில், சங்கமும் பேரம்பேசும் வலிமையும் இல்லாத தொழில்களில் நல்ல முதலாளியைக் கெட்ட முதலாளி விலையில் வீழ்த்துகிறார், கெட்டவரை இன்னும் கெட்டவர் வீழ்த்துகிறார் என்று வாதிட்டார். இந்தியர்களாகிய நாம் அவரை வேறு பல காரணங்களுக்காகக் கசப்போடு நினைவுகூர்கிறோம். ஆனால் அன்று அவர் சொன்ன வாதம் சரியானது.

சட்டம் தாளில் இருப்பது வேறு, கூலி கையில் வருவது வேறு. இங்கிலாந்தின் பிளாக் கன்ட்ரி பகுதியிலுள்ள கிராட்லி ஹீத்தில், வீட்டுக்குப் பின்புறம் சிறிய உலைப்பட்டறைகளில் பெண்கள் சங்கிலி செய்துவந்தார்கள். இரும்புக் கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சி, வெட்டி, வளைத்து, முந்தைய கண்ணியில் கோத்து, மறுபடி காய்ச்சிச் சுத்தியலால் அடித்து ஒட்டவைக்க வேண்டும். கைக்குழந்தைகள் அதே பட்டறையில் கிடந்தன. கம்பியைக் கொடுத்துச் சங்கிலியை வாங்கும் இடைத்தரகர்கள் இங்கும் இருந்தார்கள். 1910இல் வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் என்று நிர்ணயித்தது. 54 மணி நேர வாரத்துக்கு அது 11 ஷில்லிங் 3 பென்ஸ். பலருக்கு அதுவரை கிடைத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முதலாளிகள் பலர் சட்டத்திலிருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, இன்னும் ஆறு மாதத்துக்குப் பழைய கூலிக்கே சம்மதிப்பதாக எழுதிய தாள்களில் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் என்னவென்றே தெரியாமல் அடையாளமிட்டார்கள். மேரி மெக்கார்தர் என்ற சங்கத் தலைவி அங்கே போய்ப் பெண்களைத் திரட்டினார். பத்து வாரப் போராட்டத்துக்குப் பின் அக்டோபரில் முதலாளிகள் எல்லோரும் புதிய கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த நன்கொடையில் மிஞ்சியதைக் கொண்டு அவ்வூரில் தொழிலாளர் மன்றக் கட்டடம் ஒன்றையும் எழுப்பினார்கள். சட்டமும் சங்கமும் ஒன்றையொன்று தாங்கிய இந்தப் போராட்டத்தைத்தான் இந்த வரலாற்றிலேயே மிகுந்த பாடம் உள்ள பகுதியாக நான் கருதுகிறேன்.

நியூயார்க்கில் பாடம் நெருப்பின் வழியே வந்தது. 1900க்குப் பின் தையல் வேலை பெருமளவு ஒண்டுக்குடித்தன அறைகளிலிருந்து பல மாடிக் கட்டடங்களுக்கு மாறியது; மின்சாரமும் பெரிய சன்னல்களும் வந்தன. ஆனால் ஒரே தளத்துக்குள்ளேயே எந்திர வரிசைகளை உள்கான்ட்ராக்டர்களிடம் விட்டு, அவர்கள் பெண்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை முதலாளி கேட்டுக்கொள்ளாத வழக்கம் தொடர்ந்தது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையின் எட்டாம் மாடியில் வெட்டுமேசைக்கு அடியில் குவிந்திருந்த துணிக்கழிவில் தீப்பிடித்தது. பத்தாம் மாடியிலிருந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி போனது. ஒன்பதாம் மாடிக்குப் போகவில்லை. துணி திருடுபோகாமலிருக்க ஒரு படிக்கட்டின் கதவைப் பூட்டி, வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிக்க ஒரே வழியைத் திறந்துவைப்பது அங்கே வழக்கம். வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், யூத, இத்தாலியக் குடியேறிகள். உரிமையாளர்கள் இருவர்மீதும் நடந்த வழக்கில், கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலையானார்கள்.

அந்தத் தீயை நேரில் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் பெர்கின்ஸ், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். 1938இல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. வீடுகளில் நடக்கும் வேலையில் அந்தக் கூலியை உறுதிசெய்யவே முடியாது என்று கண்டு, பெண்கள் ஆடை, கையுறை, பித்தான் உள்ளிட்ட ஏழு தொழில்களில் வீட்டு வேலையை 1940களின் தொடக்கத்தில் தடைசெய்தார்கள். இன்னொரு பக்கம் ஆடைத் தொழிற்சங்கங்கள், தைத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரோடு மட்டுமல்லாமல் வேலை கொடுக்கும் மொத்த வியாபாரியோடும் ஒப்பந்தம் போட்டு, கீழே கொடுக்கப்படும் கூலிக்கு அவரையும் பொறுப்பாக்கின. பணம் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே கைவைத்த இந்த வழி, இருட்டறைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்ததைவிட அதிகப் பலன் தந்தது.

1909 சட்டத்தின் கருத்து நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கூட்டுப் பேரமும் இல்லாமல் கூலியும் மிகத் தாழ்ந்து கிடக்கும் தொழில்களுக்கு, குறிப்பாக வீட்டுத் தொழில்களுக்கு, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 1928இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்தது. தொழிலாளர் நிலையை ஆராய விட்லி தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1931இல் இந்தியாவில் பீடி போன்ற தொழில்களை இதற்காக ஆராயச் சொன்னது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் இலையையும் தூளையும் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குக் கிழக்கு இலண்டனின் தீப்பெட்டிக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அவர்களுக்காக 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. நடுவில் கான்ட்ராக்டர் இருந்தாலும் யாருக்காக அந்தப் பீடி சுற்றப்படுகிறதோ அந்த முதன்மை முதலாளியையும் பொறுப்புக்குள் கொண்டுவந்தது.